வெட்டும் டிரையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவளிடம்தான் ஊரே கேள்வி கேட்கும். டாக்டர் பர்வீன் ஊசியைப் போட்டு, உறிஞ்சுகுழாயை நாக்கின் ஓரத்தில் மாட்டி, பஞ்சுருளை இரண்டைக் கன்னத்துக்குள் திணித்து, எல்லாம் முடிந்த பிறகு, "மரத்துப்போச்சாங்க ரேணுகாதேவி?" என்றார். ரேணு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நல்லவேளை, கட்டைவிரலால் சொல்லிவிடக்கூடிய கேள்வி. வாசலில் வைத்துப் புருஷன் தாமோதரன் கேட்ட கேள்வி அப்படிப்பட்டதல்ல. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், ஏதோ மோர் வாங்கட்டுமா தயிர் வாங்கட்டுமா என்கிற தோரணையில், "வெட்டா டிரையான்னு வெளிய வந்ததும் சொல்லிரு அம்மிணி. பெங்களூர்க்காரரு மத்தியானத்துக்குள்ள பார்சல் கட்டோணுங்கறாரு," என்றான். அதோடு விட்டானா? "எனக்கு வெட்டுதான் சரின்னு படுது. இருந்தாலும் நீ சொல்றதுதான்." நீ சொல்றதுதான். இந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு வெளியே மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பான். கணபதி ஏரியாவில் அவர்கள் இரண்டு பேருமாக நடத்துகிற ஒர்க்‌ஷாப்பில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது அவன் வேலை, அதை ஓட்டுவதும் அவன்தான். அந்த இன்ஜினுக்கு எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எழுதி வைப்பது அவள் வேலை. அந்தக் கட்டங்களுக்கு மேப் என்று பெயர். பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதித்துக்கொண்டிருந்தவள் இந்த வேலைக்கு வந்து சேர்ந்ததே ஒரு கல்யாணத்தால்தான். ஆனால் அது இப்போது வேண்டாம். இப்போது, காரின் வேகத்தைக் கூட்டப் பெங்களூர்க்காரரிடம் வாங்கப்போகிற நைட்ரஸ் வாயு செட் வெட்டா டிரையா. தலைக்கு மேலே வெள்ளை விளக்கு. கண்ணை மூடினாலும் சிவப்பாகத் தெரிகிறது.

துளைப்பான் ஆரம்பித்தது. சத்தம் பல்லில் இல்லை, மண்டைக்குள் இருந்தது. கூடவே ஒரு நீர்ச் சாரல், காற்றும் தண்ணீருமாகக் கலந்து அந்தச் சின்னத் துளையின் மேல் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. அட, இதுதான் வெட். காற்று மட்டும் போகவேண்டிய பாதையில் நைட்ரஸ் வாயுவையும் பெட்ரோலையும் ஒரே மூக்கின் வழியாகச் சேர்த்துப் பீய்ச்சிவிடுவது. வாயு கூடுதலாகப் போனால் எரிய எண்ணெயும் கூடுதலாக வேண்டும் அல்லவா, அந்த எண்ணெயையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை அது. டிரை என்றால் வாயு மட்டும் வரும். அதற்கு வேண்டிய பெட்ரோலை இன்ஜினிலேயே இருக்கிற இன்ஜெக்டர்கள்தான் கொடுக்க வேண்டும், அந்த இன்ஜெக்டர்களுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியது மேப், மேப் எழுத வேண்டியது ரேணுகாதேவி. வெட்டில் தவறு நடந்தால் தீ. டிரையில் தவறு நடந்தால் பிஸ்டன் உருகும். இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்ல எதற்கு இத்தனை நாள் யோசனை என்று அவளையே அவள் கேட்டுக்கொண்டாள். தொண்டையின் அடியில் எச்சிலும் தண்ணீரும் சேர்ந்துகொண்டே வந்தது. உறிஞ்சுகுழாய் மேலே எங்கோ கொறகொறவென்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்ததே தவிர, பள்ளத்தில் தேங்கினதை அது தொடவில்லை. அவர்கள் காரின் காற்றுக்குழாயும் அப்படித்தான், நாலாகப் பிரிவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு. காற்றுக்கு வளைவு பொருட்டல்ல, வளைந்து போய்விடும். பெட்ரோல் போகுமா? கொஞ்சம் போகும், கொஞ்சம் அந்தப் பள்ளத்தில் தங்கும். தங்கினது ஒரு தரம் பின்பக்கமாகத் தீப்பிடித்தால் அலுமினியக் குழாயே வெடிக்கும். வெடித்தால் பானெட்டுக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு தகடுதான். விழுங்கிவிட்டாள். "முழுங்காதீங்க, முழுங்காதீங்க," என்றார் டாக்டர். எப்படி விழுங்காமல் இருப்பது?

போன வருஷம் ஒரு பந்தயத்தில் பார்த்தாள், வேறு யாரோ ஒருவருடைய கார். பெரிய சத்தமெல்லாம் இல்லை. தும்முகிற மாதிரி ஒரு சத்தம், பானெட் தானாக ஒரு சாண் எழும்பி விழுந்தது, அப்புறம் அதன் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. ஓட்டினவர் இறங்கி ஓடி வந்தார், புருவம் இல்லை. சிரித்துக்கொண்டே வந்தார். தாமோதரனும் சிரிப்பான். கை வெந்தாலும் ஒன்றுமில்லை என்பான், சைலென்சரில் சுட்டுக்கொண்ட அன்று ராத்திரிச் சாப்பாட்டை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, கேட்டதற்கு, பழகிக்கிறேன் என்றவன். அந்த ஆளை எண்ணெய் பீய்ச்சுகிற குழாய்க்குப் பின்னால் உட்கார வைப்பதா? மாட்டேன். அப்படியானால் டிரை. டிரை என்று நினைத்த உடனே நெஞ்சுக்குள் ஏதோ பின்வாங்கியது. நாற்காலியின் கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்த இடத்தை நகம் தேடிப் பிடித்துக்கொண்டது. டிரை என்றால் மேப். மேப் என்றால் நான். நான் என்றால் அந்த மூன்றாவது பிஸ்டன். கழற்றிப் பார்த்தபோது அதன் தலையில் ஒரு ஓரம் வெல்லப்பாகு வழிந்த மாதிரி வழிந்து இறுகியிருந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. நைட்ரஸ்கூட இல்லை அன்றைக்கு, வெறும் பெட்ரோல்தான். நான்தான் பெட்ரோலைக் குறைத்தேன், இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று குறைத்தேன், அடுத்த ஓட்டத்தில் உருகியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளே சொன்னாள், மேப் என்னுடைய தப்பு என்று. அப்புறம் லேப்டாப்பை மூடி பீரோவில் சேலைகளுக்குக் கீழே வைத்தாள், பல மாதம் எடுக்கவில்லை. வந்த வண்டிகளுக்கு வேறு ஆளை வைத்து மேப் போட்டார்கள். தாமோதரன் ஒரே ஒரு தரம்தான் பேசினான். "விடு அம்மிணி. இன்ஜின்தானே." அந்த மூன்று சொல்லை அவள் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பாள்! சாம்பாரைக் கிளறும்போது, துணி காயப்போடும்போது. எவ்வளவு பெரிய மனசு இந்த மனுஷனுக்கு என்று, மற்ற பெண்கள் புருஷனைக் குறை சொல்கிற இடத்திலெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அப்பேர்ப்பட்ட மனசுக்காரன்தான் இன்றைக்கு எனக்கு வெட்டுதான் சரின்னு படுது என்கிறான். என்ன அர்த்தம்? உன் மேப்பை நம்பி மறுபடியும் ஒரு இன்ஜினைக் கொடுக்க மாட்டேன் என்று அர்த்தம். வேறென்ன? தீ வந்தாலும் பரவாயில்லை, உன் கட்டங்கள் வேண்டாம். அழுகை வந்தது. வாயைத் திறந்தபடி அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "வலிக்குதா? இன்னும் கொஞ்சம் மருந்து போடட்டுமா?" என்றார் டாக்டர். ரேணு கையை ஆட்டினாள், இல்லை இல்லை.

"வெளிய சார் சொன்னாரு, நைட்ரஸ் வாங்கறீங்களாமே," என்று டாக்டர் மெல்லிய ஊசிகளை வரிசையாக எடுத்து வைத்தபடி பேசினார். "நான் படிச்ச காலேஜ்ல சின்னப் பசங்களுக்கு அந்த கேஸ்தான் குடுப்போம். பயப்படாம படுத்திருக்கும்ங்க. அதே கேஸ் காருக்குங்கறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." கார் பயப்படாது டாக்டர், கார் ஓட்டுகிறவன் பெண்டாட்டிதான் பயப்படுவாள். டாக்டர் ஊசியைப் பல்லுக்குள் விட்டு வெளியே எடுத்தார், அதன் நுனியை விளக்கில் பிடித்து நிறம் பார்த்தார். ரேணு அதைப் பார்த்தாள். ஐயோ, பிளக் பார்க்கிற மாதிரியே பார்க்கிறாரே. இன்ஜினுக்குள் என்ன நடந்தது என்பதை ஸ்பார்க் பிளக்கின் நுனிதான் சொல்லும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியாக இருந்தால் அதிகம், பிஸ்கட் நிறம் என்றால் சரி. ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு, அவர்கள் ஒர்க்‌ஷாப்பின் சட்டமே அதுதான். எல்லைக்கோட்டைத் தாண்டினதும் முழு வேகத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, வண்டியை உருள விட வேண்டும். நின்ற இடத்திலிருந்து ஆள் போய்த் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓட்டிவந்தால் போச்சு, மெதுவாக ஓடும்போது போகிற அதிகப் பெட்ரோல் வெளுத்த பிளக்கின் மேல் பழுப்பாகப் படிந்து எல்லாம் நல்லபடி இருப்பதாகப் பொய் சொல்லும். ஜெயித்த வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து மற்ற அணிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெட்ரோலைக் குறைத்த அன்றைக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பிஸ்கட் நிறம், நாலும் ஒன்றுபோல, அவ்வளவு அழகு. அதைப் பார்த்துத்தானே குறைத்தாள். பார்க்காமலா குறைத்தாள்? பார்த்துத்தான் குறைத்தாள். பிளக் சரியாக இருந்தது. சரியாக இருந்த பிளக்கை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு எப்படித் தப்பாகும்? இந்த இடத்துக்கு அவள் பல தரம் வந்திருக்கிறாள். வந்து, நமக்கு அந்த அளவுக்கு அறிவு பத்தவில்லை என்று திரும்பிப் போயிருக்கிறாள். இன்றைக்குத் திரும்ப முடியவில்லை, தலையை அசைக்க முடியாதபடி ஒரு கை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வண்டியை யார் தள்ளினார்கள்?

சபரி தள்ளினான். தாமோதரனின் தம்பி, எப்போதும் அவன்தான் முதல் ஆள். இல்லையே, சபரி அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான், லேப்டாப் திரையில் வெயில் அடிக்கிறது என்று. "அண்ணி, அண்ணன் ஜெயிச்சாச்சு!" என்று குடையோடு குதித்ததில் குடையின் கம்பி அவள் கொண்டையில் மாட்டியது. அப்படியானால் வெல்டிங் கடைக்காரரும் அவர் மச்சானும். அவர்கள் வந்தது அதற்கு அடுத்த பந்தயத்துக்கு. மைதானத்து ஆட்கள்? அவர்கள் எந்த வண்டியையும் தொட மாட்டார்கள். சரி, யாரோ. யாரோ தள்ளாமல் வண்டி எப்படி வரும்? கயிற்றுக்கு வெளியே கூட்டம், தகரத்தைத் தட்டுகிறார்கள், விசில், நடுவில் வெள்ளைக் கார் வருகிறது, ஜன்னலில் அவன் கை. கை அசைகிறது. ஒரு கையை வெளியே நீட்டி அசைத்துக்கொண்டு வருகிறான். அவளும் கை தட்டுகிறாள். தட்டினாளா? தட்டினாள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தட்டினாள், சின்னப் பெண்ணைப் போல. வண்டி பக்கத்தில் வந்து நிற்கிறது, அவன் எட்டிச் சாவியைத் திருப்புகிறான், சத்தம் நிற்கிறது. சத்தம் நிற்கிறது. டாக்டரும் அப்போதுதான் உறிஞ்சுகுழாயை நிறுத்தினார். அந்த அமைதியில் ரேணுவுக்கு உடம்பு பூராவும் ஒரு தரம் சிலிர்த்துப் போட்டது. நிற்பதற்கு ஒரு சத்தம் இருந்திருக்கிறது. யாரும் தள்ளவில்லை. ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டுதான் வந்தான், கை தட்டுகிற கூட்டத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வரப் பிடிக்காமல், ஒரே ஒரு நாள், கையை ஆட்டிக்கொண்டு. பிளக் பொய் சொன்னது. அவள் அந்தப் பொய்யை நம்பிக் கணக்குப் போட்டாள். கணக்கு சரி. கணக்கு சரிதான்!

சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறைப்பானேன். அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது, அதுவும் எப்படிப்பட்ட ஆத்திரம்! ஓட்டினவனுக்குத் தெரியாதா? சாவியைத் திருப்பின கை அவனுடையது. இரண்டு வருஷமாகத் தெரிந்துகொண்டே அவள் சேலைக்கு அடியில் லேப்டாப்பை வைத்ததைப் பார்த்துக்கொண்டு, விடு அம்மிணி இன்ஜின்தானே என்று பெரிய மனுஷன் வேஷம் போட்டானா? மன்னித்துவிட்டவன் மாதிரி! யார் யாரை மன்னிப்பது? எழுந்து போய்க் கேட்க வேண்டும்போல இருந்தது, வாயில் இத்தனை சாமானை மாட்டிக்கொண்டு எங்கே எழுந்து போவது. அதனால் படுத்தபடியே சண்டை போட்டாள். நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள் என்றாள் மனசுக்குள். அவன் தலையைக் குனிந்தான். இவ்வளவு சுலபமாகக் குனிகிறவன் இல்லையே அவன் என்று தோன்றியதும் சண்டை பாதியில் நின்றுபோனது. நின்ற இடத்தில் இன்னொரு கேள்வி முளைத்தது. மேப் தப்பில்லை என்று அவனுக்குத் தெரியும் என்றால், பிறகு எதற்காக வெட் கேட்கிறான்? நம்பாமல் கேட்கவில்லை. அப்புறம்? பயம். சொல்லிவிட நேருமே என்கிற பயம். டிரை வைத்தால் அவள் மறுபடி பிளக் பார்ப்பாள், தள்ளிக்கொண்டு வா என்பாள், என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பழைய நாளை நினைத்துக்கொள்வாள். வெட் என்றால் வாயுவுக்கும் பெட்ரோலுக்குமான அளவுத் துளைகள் பெட்டியிலேயே வரும், அவளுக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பதிலாகத் தீக்குப் பின்னால் உட்காரத் தயாராக இருக்கிறான் அந்த முட்டாள். அவளுக்கு அவனை அறைய வேண்டும்போலவும் இருந்தது, அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. "ஆச்சுங்க, இன்னும் ரெண்டே நிமிஷம்," என்றார் டாக்டர். எதுவோ ஒரு பசை, கிராம்பு வாசம். சரி, அவன் காரணம் அவனோடு இருக்கட்டும், காற்றுக்குழாயில் அந்த வளைவு இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்குமா? தேங்கும். இன்ஜெக்டரைப் பெரிதாக மாற்றியாகிவிட்டது, அதில் இன்னும் இடம் இருக்கிறது. நைட்ரஸ் பாட்டில் சூடேறினால் அழுத்தம் கூடும், அதற்கும் மேப்பில் ஒரு வரி எழுதலாம். எழுதத் தெரியும் எனக்கு. இது முதல் நாளே தெரிந்த விடைதான், டிரை என்கிற வார்த்தையை வாயால் சொல்லத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது கீழுதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தாமோதரன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தான். "வலிக்குதா?" என்றான். இல்லையென்று தலையாட்டினாள். "மெதுவா சொல்லு. அந்தாளு வேற ரெண்டுவாட்டி கூப்ட்டுட்டாரு."

"டிரை," என்றாள். நாக்கு தடித்துக்கொண்டு வந்தாலும் சொல் சரியாகத்தான் வந்தது.

"டிரையா? நல்லா ரோசன பண்ணிக்க அம்மிணி. டிரைன்னா ஒவ்வொரு ஓட்டத்துக்கும்..."

"அன்னிக்கு வண்டிய ஆரு தள்ளுனாங்க?"

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. மருந்துக்குக் காத்திருந்த ஒரு கிழவர் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். தாமோதரன் அவளைத் தோளைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனான்.

"ஆருந்தள்ளுல. நாந்தேன் ஓட்டிட்டு வந்தன்."

"ஏனுங்க சொல்லல?"

அவன் விழித்தான். நிஜமாகவே விழித்தான். "உனக்குத் தெரியுமே. நீ அங்கதான நின்னுட்டிருந்த? வண்டி ஓடி வந்தத நேராப் பாத்து கை தட்டுன. அப்பறம் பிஸ்டன் போச்சு, என்னைய ஒரு வார்த்த கேக்கல, என்ற தப்புன்னு ஊரெல்லாஞ் சொன்ன. எனக்காவ பழிய எடுத்துத் தலைல போட்டுக்கறயேன்னு நான் தூங்காமக் கெடந்தனே, உனக்கென்ன தெரியும். அத வாயத் தொறந்து எப்படிக் கேக்கறது? லேப்டாப்பக் கொண்டுபோயி சேலைக்கடில வெச்ச. இனி இவனை நம்பி மேப்புப் போடறதில்லீன்னு முடிவு பண்ணிட்டயாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டன். அதுக்குத்தான் வெட்டுன்னன். வெட்டுன்னா நீ என்னைய அவ்வளவா நம்ப வேண்டியதில்ல."

படுத்தபடி கட்டிவைத்த சண்டை முழுக்க அவள் கையிலேயே நின்றுபோனது, போட ஆளில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால் போதும். ஆமாம், உங்களுக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும், இந்த மனுஷன் ஆயுசு பூராவும் அவள் காலடியில் கிடப்பான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் இல்லாத ஒரு மன்னிப்புக்கு நன்றியோடு இருந்து பார்த்தவள் அவள், அது எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "இப்பத்தான், உள்ள படுத்திருக்கறப்பத்தான் தெரிஞ்சது. நெசமாலுமே என்ற தப்புன்னுதான் நெனச்சிருந்தேன்."

தாமோதரனின் முகம் ஒரு கணம் எதையோ பறிகொடுத்தவன் முகமாக ஆனது. அப்புறம் அவள் எந்தப் பழியை மனசில் வைத்துக்கொண்டு அத்தனை மாதம் சமையற்கட்டில் நின்றாள் என்பது அவனுக்கு உறைத்தது. உறைப்பதை அவள் பார்த்தாள். போன் அடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"டிரைங்க," என்றான். "ஆமாங்க, டிரை. மேப்பா? எங்க வீட்லதான் போடுவாங்க. அவங்களுக்கு அது சரியாத்தான் வரும். அன்னிக்கும் சரியாத்தானுங்க போட்டாங்க." அந்தப் பக்கம் இருந்தவருக்கு என்றைக்கு என்று தெரியாது, என்னமோ கேட்டார். தாமோதரன் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, போனைக் காதில் வைத்தபடியே, "நாந்தானுங்க வண்டிய ஓட்டிட்டு வந்துட்டன்," என்றான்.